தெருமுனைக் குப்பைமேட்டைக் கலைக்கும் கிரமம்

நம் ஊர்த் தெருக்களில் குப்பை எங்கும் ஒரேவிதமாகச் சிதறிக் கிடப்பதில்லை. மின்மாற்றியின் அடியிலோ, காலிமனையின் ஓரத்திலோ, எவருடைய வாசலும் எதிரே இல்லாத மதிற்சுவரின் கீழோ ஓரிடத்தில் சேர்ந்து, அங்கேயே நாள்தோறும் வளர்கிறது. ஆகையால், தெருவைச் சுத்தமாக்க முற்படுவோர் முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமையன்று உற்சாகமாகத் திரண்டு, மேட்டை அள்ளி, புகைப்படமும் எடுத்துக்கொண்டு கலைந்து சென்றால், அடுத்த ஞாயிறு வருமுன் அது பழைய ஆகிருதியை அடைந்துவிடும். அங்கே குப்பை போடுகிறவர்களின் நிர்ப்பந்தம் அப்படியே இருக்கிறதல்லவா?

முதற்காரியம் கவனிப்பு. இரண்டு மூன்று பேர் முறைவைத்துக்கொண்டு, விடியற்காலையிலும் கடையடைக்கும் வேளையிலும் ஒரு வாரகாலம் நின்று, யார், எப்போது, எதைப் போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி வருமுன்பே வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறவர்கள், விசில் சத்தம் கேட்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்குவதற்குள் வண்டியைத் தவறவிடுகிறவர்கள், இரவு பத்து மணிக்குமேல் இலைகளை எங்கே கொட்டுவதென்று அறியாத டிபன் கடைக்காரர் ஆகியோரே பெரும்பாலும் அந்தக் குறிப்பில் இடம்பெறுவர். இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று தூஷிப்பது சுலபம், பிரயோஜனந்தான் இல்லை.

இரண்டாவதாக, கூட்டம். வீட்டுச் சொந்தக்காரர்கள் மாத்திரம் கூடிப் பேசித் தீர்மானம் போடுவது வழக்கமாயினும், குடித்தனக்காரர், கடைக்காரர், அந்தத் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், அவருடைய மேற்பார்வையாளர் ஆகியோர் இல்லாத கூட்டம் கூட்டமே அன்று. வண்டி வரும் நேரத்தை மாற்றக் கூடுமா, மாடிவீட்டார் கூடையை வைத்துவிட்டுப் போகக் கீழே ஓர் இடம் உண்டா, கடைக்கழிவை இரவில் மூடிவைக்க ஒரு தொட்டி கிடைக்குமா என்பனவே அங்கே முடிவாக வேண்டிய விஷயங்கள். 1989-இல் சென்னையில் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறுதொகை திரட்டி, மூன்றுசக்கர வண்டியோடு குப்பை சேகரிக்க ஆள் அமர்த்தியது. நகராட்சி வண்டி எட்டாத சந்துகளுக்கு அந்த ஏற்பாடு இன்றும் உகந்ததே.

மூன்றாவது, பிரித்தல். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. உடைந்த கண்ணாடியையும் அணையாடையையும் காகிதத்தில் பொதிந்து தனியே தருவது, வெறுங்கையால் அள்ள நேரிடும் பணியாளருக்கு நாம் செய்யவேண்டிய மிகக் குறைந்த மரியாதை. பொது இடத்தில் மூலை கிடைத்தால், காய்கறிக் கழிவையும் சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டிவந்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் எருவாகும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு நீர் கசிவதே சரியான ஈரம். நாற்றம் எழுந்தால் சருகு போதவில்லையென்று அறிக. சருகைக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது.

உணவுக்கடையின் விஷயம் வேறு. ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பினும், சாம்பார்ப் பொட்டலம் ஒழிந்தபாடில்லை. கடைக்காரரை மட்டும் நெருக்காமல், தெருவார் தூக்குவாளியோடு செல்வதென்று தீர்மானித்தால் அவர் மகிழ்ச்சியோடு இணங்குவார். பொட்டலச் செலவு அவருக்கும் மிச்சம்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வந்த பின்னரே மேட்டை அள்ள நாள் குறிக்க வேண்டும். மண்வெட்டி, முறம், இரும்புச்சட்டி, கையுறை, கனத்த செருப்பு ஆகியவற்றோடு, அள்ளியதை ஏற்றிச்செல்லும் வாகனத்துக்கும் நகராட்சியில் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். ஊசி, மருந்துப்புட்டி முதலியன தென்பட்டால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டிக் கலத்தில் தனியே சேர்க்க வேண்டும். அள்ளி முடிந்ததும் தரையைச் சமன்செய்து, விளக்கொன்று பொருத்தி, தினந்தோறும் கோலமிட ஒருவர் பொறுப்பேற்கட்டும். சுவரில் தெய்வப்படங்களை ஒட்டுவோரும் உளர். அது குப்பையை அடுத்த சுவருக்கு அனுப்புமேயன்றிக் குறைக்காது.

மூன்று வாரமேனும் காலையும் இரவும் ஒருவர் அங்கே நிற்பது நலம். கூடையோடு வருபவரைக் கடிந்துகொள்ளாமல், வண்டி வரும் நேரத்தைச் சொல்லி அனுப்பினால் போதும். இத்தனைக்கும் பிறகு பக்கத்துத் தெருவின் முனையில் புதிதாக ஒரு மேடு முளைக்குமாயின், அடுத்த கூட்டத்தை அந்தத் தெருவாரையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.