உருகாமல் எஞ்சிய பொற்காசுகள்

நகைக்கடையில் ஒரு பவுண் என்றால் எட்டுக் கிராம் என்பது எங்கள் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இங்கிலாந்தின் சவரன் காசின் நிறையே நமக்குப் பொன்னின் அளவாகிப் போனது. 1795இல் ஐக்கிய அமெரிக்கா முதன்முதலாக வெளியிட்ட ஐந்து டொலர் பொற்காசும் அதைவிடச் சற்றுத்தான் கனமானது: 8.75 கிராம் நிறை, 22 கரட் தரம். அந்த ஆரம்ப காலக் காசுகளில் புழக்கத்தில் தேயாமல், அடித்த அன்றைய பொலிவோடு எஞ்சியவை மிகச் சில. சேகரிப்போர் அவற்றுக்காக ஏலத்தில் பெருந்தொகை கொடுக்கிறார்கள். குறைவாக அடித்ததால்தான் அவை அரிதாயின என்று நானும் முதலில் நினைத்தேன். பொருளியல் பாடத்தில் கிரெஷாமின் விதியைப் படித்த பிறகே உண்மைக் காரணம் விளங்கியது.

1792 ஏப்ரல் 2ஆம் திகதி நிறைவேறிய சட்டம் பிலடெல்பியாவில் நாணயச்சாலை அமைக்க வழி செய்தது. பொன்னில் மூன்று காசுகள்: பத்து டொலர் ஈகிள், அதன் பாதி, அதன் கால். ஈகிள் என்றால் கழுகு. காசின் தரத்தை மோசடியாகக் குறைக்கும் அல்லது பொன்னைக் களவாடும் நாணயச்சாலை அதிகாரிக்கு மரண தண்டனை என்றும் அச்சட்டம் சொன்னது. முக்கிய அதிகாரிகள் ஒவ்வொருவரும் 10,000 டொலருக்குப் பிணை காட்ட வேண்டும் என்றும் விதித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 1794இல் அதைக் குறைத்த பிறகுதான் பொன் வேலை நகர்ந்தது. 1795 ஜூலை 31ஆம் திகதி முதல் 744 ஐந்து டொலர் காசுகள் வெளிவந்தன. ஒரு பக்கம் தொப்பி அணிந்த சுதந்திர தேவதை, மறு பக்கம் கழுகு. இது ஐந்து டொலர் என்று எங்கும் எழுதவில்லை. பொன்னுக்குப் பெறுமதி அதன் நிறையில் இருக்கிறது, எழுத்தில் இல்லை என்பதே அன்றைய எண்ணம். அந்த எண்ணமே பிற்காலத்தில் அக்காசுகளுக்கு வினையாயிற்று.

சட்டம் ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விகிதம் வகுத்திருந்தது. ஐரோப்பாவிலோ பொன்னின் விலை ஏறிக்கொண்டிருந்தது. 1803இல் பிரான்ஸ் தன் விகிதத்தைப் பதினைந்தரை என்று வைத்தது. கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 15 கிலோ வெள்ளியைக் காசாகக் கொடுத்தால் ஒரு கிலோ பொன்னுக்குச் சமமான காசுகள் கிடைக்கும். அவற்றைக் கப்பலேற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனால் 15.5 கிலோ வெள்ளி. கப்பற் கூலி போக மிச்சமெல்லாம் இலாபம். எந்த வியாபாரிதான் விடுவான்? பத்து டொலர் காசை அடிக்க அடிக்க அது கடல் கடந்து போனதால் 1804இல் அதை அடிப்பதையே நிறுத்தினார்கள். ஐந்து டொலர் காசு தொடர்ந்தது. ஆனால் 1820களில் அதுவும் உலைக்குப் போனது. 1822ஆம் ஆண்டுக்குப் பதிவேட்டிலுள்ள எண்ணிக்கை 17,796. இன்று அந்த ஆண்டு பொறித்த காசு மூன்று மட்டுமே அறியப்பட்டிருக்கிறது. இரண்டு ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கின்றன. மூன்றாவது 2021இல் 8.4 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது.

1834இல் புதிய சட்டம் வந்து காசின் பொன்னைக் குறைத்தது. பழைய ஐந்து டொலர் காசில் 8.02 கிராம் சுத்தப் பொன் இருந்தது, புதியதில் 7.52 கிராம். அதாவது பழையதை உருக்கினால் ஏறக்குறைய 5 டொலர் 33 சதம். அத்தோடு கையிலிருந்த பழையவையும் உலைக்குப் போயின. குறைந்த பொன்னுள்ள காசு சந்தையில் நின்றது, நிறைந்த பொன்னுள்ளது மறைந்தது. கிரெஷாமின் விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பாடப்புத்தகத்தில் காணவில்லை.

ஆகவே இன்று பொலிவோடு இருக்கும் ஒவ்வொரு காசும், செலவழிக்காமலும் உருக்காமலும் யாரோ ஒருவர் எடுத்து வைத்தது. பொன்னைச் சேர்த்துப் பூட்டி வைப்பதை நமது மார்க்கம் கண்டிக்கிறது. பணம் ஓட வேண்டிய பொருள் என்று பொருளியலும் சொல்கிறது. ஆனாலும் அந்த யாரோ ஒருவர் பூட்டி வைக்காவிட்டால் இந்த வரலாற்றுக்குச் சான்றே இருந்திராது. இது எனக்கு இன்னமும் உறுத்தலாகவே இருக்கிறது.

பொலிவை எப்படி அறிவது? 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அதுவே பின்னர் எல்லாக் காசுகளுக்கும் ஆனது. 60உம் அதற்கு மேற்பட்டவையும் புழக்கத்தில் தேயாதவை. 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு வந்த என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் காசைப் பரிசோதித்துப் புள்ளியிட்டுப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுக் கொடுக்கின்றன.

அச்சு விழும்போது பொன் வெளிப்புறமாக வழிந்து கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விடுகிறது. காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் அக்கோடுகளில் பட்ட ஒளி சில்லின் ஆரைபோலச் சுழலும். தேவதையின் கூந்தல், கன்னம் போன்ற மேடான இடங்களில் அந்த ஒளி அறுந்திருந்தால் காசு கைமாறித் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு நுட்பம்: அக்காலத்தில் மனிதர் கையால் சுழற்றிய திருகு அச்சு சில வேளை போதிய அழுத்தம் தரவில்லை. அப்போது கூந்தல் மழுங்கித் தெரியும், ஆனால் ஒளி அறாது. அது தேய்வு அல்ல. காசின் முகத்தில் அரத்தால் இழுத்த கீறல்கள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நிறை கூடிய பொன்வில்லையை அடிப்பதற்கு முன் நாணயச்சாலையிலேயே அராவிச் சரிசெய்த அடையாளம் அது.

மன்னிக்கப்படாத குற்றம், துலக்குவது. எங்கள் உம்மம்மாவிடம் வளையம் ஒட்டிப் பதக்கமாக்கிய ஒரு சவரன் இருக்கிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் பற்பசை போட்டுத் தேய்ப்பார். பளபளக்கும். ஆனால் நுண்கோடுகள் போய்விட்டன. சேகரிப்பவருக்கு அது வெறும் எட்டுக் கிராம் பொன்.

பெட்டிக்குள் வைக்கவென்றே அடித்த பொற்காசுகளும் உண்டு. 1833இல் எட்மண்ட் ரொபர்ட்ஸ் என்ற தூதர் அமெரிக்காவுக்காக மஸ்கட் சுல்தான் செய்யித் ஸஈத் பின் சுல்தானுடனும் சியாம் மன்னருடனும் வர்த்தக உடன்படிக்கை செய்தார். அவர்களுக்கு அன்பளிப்பாக அமெரிக்கக் காசுத் தொகுதிகளை அனுப்பத் தீர்மானித்தார்கள். பத்து டொலர் காசுதான் நின்றுபோய் முப்பது வருடமாகிவிட்டதே! அதனால் கடைசியாக அடித்த 1804 என்ற ஆண்டையே பொறித்து, விசேட மெருகுடன் புதிதாகச் சிலவற்றை அடித்தார்கள். உண்மையான 1804 காசில் 4 என்ற இலக்கத்தின் குறுக்குக்கோட்டு முனையில் சிறு கட்டை இருக்கும், இவற்றில் இராது. மஸ்கட் தொகுதி 1835 ஒக்டோபரில் சுல்தானின் கைக்குச் சேர்ந்தது, பின்னாளில் சிதறிப்போனது. சியாம் மன்னரின் தொகுதி 1962இல் பெட்டியோடு இங்கிலாந்தில் வெளிப்பட்டது. கொச்சின் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் எண்ணியிருந்தவை போய்ச் சேரவில்லை. 1836 ஜூனில் ரொபர்ட்ஸ் மக்காவில் நோயுற்று இறந்துவிட்டார்.