வீரர் விழுந்ததும் நடுவர் செய்யவேண்டியது

2021ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி, டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டத்தில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. முதற்பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், கிறிஸ்டியன் எரிக்சன் என்னும் வீரர் எவரும் இடிக்காமலே நிலத்தில் சரிந்தார். நடுவர் அன்ரனி ரெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி வைத்தியர்களை உள்ளே அழைத்தார். அவர்கள் வந்தபோது மூச்சும் நாடியும் இருந்தன. சற்று நேரத்தில் நிலைமை மாறியது. மார்பை அழுத்தினர். கருவியால் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்ததும் இதயம் மீண்டும் துடித்தது. அடுத்த ஆண்டே எரிக்சன் விளையாடத் திரும்பினார்.

அங்கே வைத்தியரும் கருவியும் அருகில் இருந்தனர். நமது கிராமத்து மைதானத்தில் நடுவராக நிற்பவர் ஓர் ஆசிரியராகவோ கழகத்தின் மூத்த இளைஞராகவோ இருப்பார். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவருடையது. விழுந்தவருக்குக் கிட்ட நிற்பவரும் பெரும்பாலும் அவரே. ஓர் 'ஓஃப்சைட்' தீர்ப்பைப் பற்றி நாட்கணக்கில் வாதாடும் நாம், அவர் முதலுதவி கற்றவரா என்று கேட்பதில்லை.

இதயம் நின்றவரின் கைகால்கள் சிலவேளை வெட்டி இழுக்கும். வலிப்பு என்று எண்ணிக் கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதும், வாயில் சோடா ஊற்றுவதும் நாம் கண்டவையே. இன்னொரு ஏமாற்றமும் உண்டு: விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சு. அது மூச்சல்ல. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டதென்றே கொள்ளவேண்டும். நாலைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்கிவிடும்.

ஒருவரைக் கொண்டு 1990 இலக்கத்துக்கு அழைப்பித்துவிட்டு, அழுத்தத் தொடங்குக. மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடியை ஊன்றி, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடியாமல் அழுத்தவேண்டும். வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்தின் பின்னும் மார்பு முழுதாக மேலெழ விடுக. பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 தடவை வாயால் மூச்சு ஊதலாம். மற்றவர் அழுத்தினாலே போதும். களைத்தவரின் அழுத்தம் ஆழங் குறையும், ஆதலால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுக. விலா எலும்பு முறியுமோ என்று பலர் தயங்குவர். முறியலாம், முறிந்த எலும்பு பொருந்தும்.

வாசித்து மட்டும் இதைப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தாரும் சென்ஜோன்ஸ் முதலுதவிப் படையினரும் பொம்மையில் பயிற்றுவிக்கின்றனர். உயிருள்ளவரின் மார்பில் பயிற்சிக்காக அழுத்தக்கூடாது.

கலந்துரையாடுவதற்கு: அடுத்த போட்டியில் 1990க்கு அழைப்பவர் யார்? அம்புலன்ஸ் எந்தப் பாதையால் மைதானத்துக்குள் வரும்? நடுவருக்குக் களைத்தால் அடுத்து அழுத்துபவர் யார்?