இமையத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?



"எழுத்தாளர் இமையத்தின் நூல்களில் எதை முதலில் எடுப்பது அக்கா?" என்று பதினோராம் வகுப்புத் தங்கையர் சிலர் எங்களைக் கேட்டனர். கேட்ட அன்று எங்களால் ஒழுங்காக விடை சொல்ல இயலவில்லை. நாங்களே தவறான இடத்தில் தொடங்கித் தடுமாறியவர்கள் அல்லவா! ஆகவே எங்கள் தடுமாற்றத்தையும் பிறகு கண்ட வழியையும் இவ்வாண்டு மலரில் எழுதி வைக்கிறோம்.

நாங்கள் எழுவர். நால்வர் விழுப்புரத்தார், மூவர் திண்டிவனத்தார். மேனிலை இரண்டாம் ஆண்டு பயில்கிறோம். சனிக்கிழமைப் பிற்பகலில் பள்ளி நூலகத்தில் கூடி, ஒருத்தி உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது எங்கள் வழக்கம். "இவர் எழுத்து கடினமாயிற்றே, தாங்குவீர்களா?" என்று தமிழம்மா முதலிலேயே எச்சரித்தார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை.

இமையத்தின் இயற்பெயர் வெ. அண்ணாமலை. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். விருத்தாசலத்தில் வாழ்பவர். அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1993-ஆம் ஆண்டு வரை அவர் ஊரும் நம் ஊர்களும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. அவ்வாண்டில் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. மறு ஆண்டு, 1994-இல், அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' வெளிவந்தது. அதனை மிக உயர்வாகப் போற்றியவர்களுள் சுந்தர ராமசாமி ஒருவர். கடுமையாக மறுத்து எழுதியவர்களுள் ராஜ் கௌதமன் ஒருவர். ஒரே நூலைப் பற்றிப் பெரியோர் இருவர் இவ்வளவு மாறுபட்டுப் பேசினார்கள் என்பதே எங்களுக்கு ஆவலைத் தூண்டியது.

அப்படியானால் அந்த நாவலிலிருந்தே தொடங்கியிருக்கலாம். ஆனால் நாங்கள் பரிசைப் பார்த்து மயங்கினோம். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது 'செல்லாத பணம்' என்ற நாவல். விருது பெற்றதுதானே சிறந்தது என்று அதனையே எடுத்தோம். தங்கையரே, அதை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். நூல் குறையுடையது என்பதற்காகச் சொல்லவில்லை. பொறியியல் படித்த ரேவதி என்னும் பெண், பெற்றோர் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டும் ஒருவரை மணக்கிறாள். பிறகு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படுகிறாள். வெளியே காத்திருக்கும் தாய், தந்தை, உறவினர், மற்ற நோயாளிகளின் வீட்டார் ஆகியோரின் பேச்சாகவே கதை நகர்கிறது. விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் ஜிப்மர் என்பது கதையில் வரும் இடம் அன்று. நம்மில் யார் வீட்டில் ஒருவரேனும் அங்கே போய்ச் சீட்டு வாங்கிக் காத்திருக்கவில்லை? எங்களில் ஒருத்தியின் அண்டை வீட்டு அக்கா அதே தீக்காயப் பிரிவிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். நாங்களும் புத்தகத்தை மூடிவிட்டோம்.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. இமையம் கடினமானவர் என்று பலரும் சொல்வது அவருடைய மொழியை வைத்து. சென்னையிலோ கோவையிலோ வளர்ந்தவருக்கு நடுநாட்டுப் பேச்சு தடையாக இருக்கலாம். நமக்கு அப்படியா? புன்செய் நிலத்தைக் கொல்லி என்பதும், பாட்டியை ஆயா என்பதும், வீட்டை வூடு என்பதும் நம் வீட்டுப் பேச்சுத்தானே! தெரியாத சொல் வந்தால் கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' இருக்கிறது. அவரும் விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர்தாம். பெரும்பாலும் அகராதிக்கு முன் ஆயாவிடம் கேட்டாலே போதும். அவருடைய உண்மையான கடினம் வேறு. அழுகிறவர் தோளில் ஆசிரியர் கை வைப்பதில்லை. இவர் நல்லவர், இவர் கெட்டவர் என்று நமக்கு எடுத்துச் சொல்வதும் இல்லை. பாடநூற் கதைகளில் பழகிய நமக்கு இதுதான் பெருஞ்சிரமம். அதற்குச் சிறிது சிறிதாகப் பழக வேண்டும்.

எனவே எங்கள் கருத்தில் முதலில் படிக்க ஏற்றது 'வாழ்க வாழ்க' என்னும் குறுநாவல். கட்சிக் கூட்டத்துக்குக் கூலி பேசி வண்டியில் ஏற்றிவரப்பட்ட கிராமத்துப் பெண்கள், தலைவர் வரும்வரை வெயிலில் காத்திருக்கிறார்கள். கதை இவ்வளவே. ஆனால் காத்திருக்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா? பேசுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், ஏசுகிறார்கள். தேர்தல் காலத்தில் திண்டிவனம் சாலையில் வேன்கள் வரிசையாகப் போவதைக் கண்ட நமக்கு இது புதிதன்று. இதைக் கட்டாயம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் மட்டும் படித்தால் எழுத்துக் கூட்டத் தோன்றும். காதால் கேட்டால் தெருவில் நிற்பதுபோல் இருக்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நேரம் செல்லச் செல்ல, வெயில் ஏற ஏற, சிரிப்புத் தானே குறைந்தது.

அடுத்தது 'பெத்தவன்'. இது ஒரு நெடுங்கதை. ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். வேற்றுச் சாதி இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடும்படி ஊர் ஒரு தந்தைக்குக் கட்டளையிடுகிறது. அந்த இரவில் அவர் என்ன செய்கிறார் என்பது கதை. முடிவை நாங்கள் சொல்லப் போவதில்லை. படித்து முடித்தபின் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை என்று மட்டும் சொல்கிறோம். அன்று மாலை விழுப்புரம் வண்டியில் ஏறியவர்களும் ஊர் வரும்வரை பேசவில்லையாம்.

இவ்விரண்டையும் தாண்டியவர்கள் தயங்காமல் 'கோவேறு கழுதைகள்' எடுக்கலாம். அதன் நாயகி ஆரோக்கியம், கணவன் சவுரி, மகள் மேரி. நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே உள்ள பெயர்கள்! ஊர்த் தெருவில் நுழைய விடாது ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பம் அது. தாழ்த்தப்பட்டவருக்கும் கீழே இன்னொருவரை வைத்திருக்கும் கொடுமையை நாவல் காட்டுகிறது. இதை எழுதலாமா கூடாதா என்பதில்தான் அன்றைய விவாதம் எழுந்தது. ஆரோக்கியத்துக்குப் பணமாகக் கூலி இல்லை. மாலையில் வீடு வீடாகச் சோறு. அறுவடையில் களத்து நெல். பிறப்பா, சாவா, அவள் அங்கே இருக்க வேண்டும். காலம் மாறி அவள் வேலைக்கு மதிப்புக் குறையக் குறைய, அவளுக்குக் கிடைத்துவந்த கொஞ்சமும் குறைகிறது. விடுதலை வந்தால் மகிழ வேண்டியவள், பிடி நழுவுகிறதே என்று கலங்குகிறாள். இந்த முரண்தான் எங்களை நெடுநேரம் பேச வைத்தது. மேரிக்கு நேரும் கொடுமை உள்ள பகுதியைத் தனியே படிக்காமல் மூத்தவர் ஒருவரோடு படிப்பது நல்லது.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரோக்கியம் ஊராரிடம் கேட்டுப் பேசும் இடம் ஒன்றை, எங்களில் ஒருத்தி நாடகம் போலக் குரலை இழுத்து இழுத்துப் படித்தாள். நாங்கள் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க ஆயா இப்படி இழுக்காதுடி" என்றாள். "வேகமா கேக்கும். சோத்த வாங்கிக்கும். போயிடும்."

ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் நாங்கள். அவள் ஆயா ஊர்த்துணி வெளுத்தவர் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் கேட்டதும் இல்லை. நாவலில் வரும் வெள்ளாவியை நாங்கள் ஏதோ ஒரு சலவைச் சோப்பு என்று எண்ணியிருந்தோம்! உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி எடுத்து, அடியில் நீர் கொதிக்கும் பானையின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடியலில் கல்லில் அடித்து அலசுவார்கள் என்று அவள்தான் விளக்கினாள். எந்தத் துணி அடியில், எந்தத் துணி மேலே என்பதற்கும் கணக்கு உண்டாம். குறியிட்டு வைப்பதால் நூறு துணி கலந்தாலும் எந்த வீட்டுத் துணி எது என்று அவள் ஆயா மாறாமல் சொல்வாராம். அந்தக் கைகளில் எத்தனை பெரிய கல்வி இருந்திருக்கிறது!

"இனி நீயே படி" என்று அவளிடம் புத்தகத்தை நீட்டினோம். அவள் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க. ஆனா இழுக்காம படிங்க."

அதன்பின் அப்படியே படித்தோம். இழுக்காமல் படித்தபோது முன்பு நகைப்பாகத் தோன்றிய வரிகள் வேறாக ஒலித்தன. இதனை மலரில் எழுதலாமா என்று அவளைக் கேட்டோம். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

மற்ற நூல்களைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறோம். 1999-இல் வந்த 'ஆறுமுகம்' நமக்கு அடுத்துள்ள ஆரோவில், புதுச்சேரிப் பக்கத்துக் கதை. தாயை விட்டு ஓடிப்போகும் சிறுவனைப் பற்றியது. 'எங் கதெ' கல்லூரிக்குச் சென்றபின் படிக்க வேண்டியது என்று தமிழம்மா சொன்னார்கள். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. சிறுகதை விரும்புவோர்க்கு 'மண்பாரம்', 'கொலைச் சேவல்' ஆகிய தொகுப்புகள் உள்ளன. ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் படிக்க ஆசையுள்ளவர்கள், 'கோவேறு கழுதைகள்' நாவலை லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்திருக்கிறார் என்பதை அறிக. ஆனால் நம் ஆயாமாரின் பேச்சு அதில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குக் கொஞ்சம் ஐயந்தான்.

'செல்லாத பணம்' என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுந்து போன தோழியே டிசம்பர் மாதத்தில், "விட்ட இடத்திலேருந்து படிக்கலாம்" என்றாள். படித்தோம். இம்முறை ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் இல்லை என்று வரையறை செய்துகொண்டோம். ரேவதிக்கு நேர்ந்தது என்ன, யார் குற்றம் என்று எழுவரும் ஏழு விதமாகச் சொன்னோம். தந்தையின் மேல்தான் குற்றம் என்று மூவர் இன்றும் சாதிக்கிறார்கள்.

இப்போது எங்கள் கையில் இருப்பது 2006-இல் வெளியான 'செடல்'. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்டுப் பின் கூத்தாடும் பெண்ணின் கதை. மாவட்ட மைய நூலகத்தில் எடுத்த படி அது. தேர்வுக்கு முன் பாதியாவது படித்துவிடுவோம். தங்கையர் யாரேனும் வந்து அமர்வதானால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாருங்கள். உரக்கப் படிக்க ஒரு குரல் குறைகிறது.