பழைய தேயிலைக்கு ருசி கூடுமா?

கேள்வி: ஷாம்பெயின் வருடக்கணக்கில் இருந்தால் ருசி கூடுமாம். தேயிலையும் அப்படியா? – வாசகி, மாளிகாவத்தை

பதில்: இல்லை. ஷாம்பெயின் போத்தலுக்குள் ஈஸ்ட் மண்டியோடு கிடந்து மணம் சேர்க்கும். நம் கறுப்புத் தேயிலையோ காற்றும் ஈரமும் பட்டு மணத்தை இழக்கும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்தின் அந்த அருமையான வாசம்தான் முதலில் போகும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பழையதிலும் புதியதிலும் 2 கிராம் எடுத்து, தனித்தனியே 100 மில்லிலீட்டர் கொதிநீரில் 6 நிமிடம் ஊறவிடுங்கள். சீனி, பால் வேண்டாம். வடித்த சக்கையைப் பாருங்கள்: புதியது செம்புபோல் பளிச்சிடும், பழையது மங்கியிருக்கும். சாயத்தைக் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்கு வரும் தேயிலையையும் சுவைஞர்கள் இப்படித்தான் உறிஞ்சித் துப்புகிறார்கள். நாக்கில் சுறுக்கென்று பிடிக்காமல் சப்பென்று இறங்கினால், அது பழசு.

சிறிய பக்கற்றாக வாங்கி, இறுக மூடும் டின்னில் வையுங்கள். மசாலாத் தூள் பக்கத்தில் வேண்டாம்.