ஆறு சென்ட் எங்கே போனது?

கேள்வி: உடும்பன்சோலைப் பக்கம் மலைச்சரிவில் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம். மேலிருந்து கீழே 50 மீட்டர், குறுக்கே 40 மீட்டர். கணக்குப் போட்டால் 49 சென்ட் வருகிறது. ரீசர்வேக்கு வந்தவர்களோ முக்காலியில் கருவியை வைத்து அளந்துவிட்டு 43 சென்ட்தான் என்கிறார்கள். அன்று கடும் பனிமூட்டம். கருவி ஏமாந்துவிட்டதா?

பதில்: நீங்கள் தந்த எண்களை வைத்தே உங்கள் தோட்டத்தின் சரிவு சுமார் 30 டிகிரி என்று இங்கிருந்தபடியே சொல்லிவிடலாம்.

முதலில் பனிமூட்டத்தைப் பார்ப்போம். நீங்கள் பார்த்த கருவியின் பெயர் டோட்டல் ஸ்டேஷன். கோணம், தூரம் இரண்டையும் சேர்த்து அளப்பது. அதிலிருந்து புறப்படும் அகச்சிவப்பு ஒளி, எல்லைக்கல் மேல் பிடித்திருக்கும் பிரிசத்தில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. பிரிசம் என்பது எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கட்டி. போன அலைக்கும் திரும்பிய அலைக்கும் உள்ள நிலை வேறுபாட்டைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. மூட்டம் மிகுந்தால் ஒளி திரும்பாது, அளவே கிடைக்காது. குளிரால் காற்றின் வெப்பம் 10 டிகிரி மாறினாலும் 50 மீட்டரில் வரும் பிழை அரை மில்லிமீட்டர்தான். அதில் ஆறு சென்ட் காணாமல் போகாது.

உண்மைக் காரணம் சரிவு. நீங்கள் டேப்பைத் தரையோடு ஒட்டி இழுத்தீர்கள். கிடைத்தது சாய்வுத் தூரம். கருவி அதையும் அளந்து, பார்வை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணத்தையும் அளந்து, கிடைத்தூரத்தைத் தருகிறது. கிடைத்தூரம் என்றால் தரையைச் சமமாக்கிப் பார்த்தால் வரும் தூரம். 30 டிகிரிச் சரிவில் 50 மீட்டர் 43.3 ஆகிவிடும். அதை 40-ஆல் பெருக்குங்கள்: 1,732 சதுர மீட்டர், ஏறத்தாழ 43 சென்ட். குறுக்களவு மட்டத்தோடு போவதால் மாறவில்லை. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைச் சமவெளி வயல் என்றால் டேப்பும் கருவியும் ஒரே கணக்கைச் சொல்லியிருக்கும்.

நிலத்தை ஏன் இப்படி அளக்க வேண்டும்? உங்கள் தோட்டத்தில் பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். சரிந்த தரை என்பதற்காக வானம் அதிகம் பொழிவதில்லை. 43 சென்டுக்கு உரிய மழைதான் விழும். நிழல்மரங்களும் சரிவோடு சாயாமல் நேராகத்தான் நிற்கின்றன. தவிர, எல்லோர் நிலமும் ஒரே வரைபடத்தில் இடிக்காமல் பொருந்த வேண்டுமே!

இது கருவியோடு வந்த புதுச் சட்டமும் அல்ல. 66 அடிச் சங்கிலி பிடித்த பழைய சர்வேயர்கள் சரிவில் அதை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளந்தார்கள். செங்குத்தான இடத்தில் ஒரு தடவைக்குச் சில அடிகள்தான் நகர முடியும். 1802-இல், இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தபோதும் சங்கிலியை மட்டப்படுத்துவதில்தான் பெரும்பாடு பட்டார். தூரம் அளப்பது அவ்வளவு கடினம் என்பதால்தான் அதன்பின் பெரும்பாலும் கோணங்களை மட்டும் அளந்து முன்னேறினார்கள். அவர்கள் நாள்கணக்கில் செய்ததை இன்று சில நொடிகளில் பார்க்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

2022 நவம்பரில் கேரளம் தொடங்கிய டிஜிட்டல் ரீசர்வேயில் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் ரோவர்களும் உண்டு. ஆனால் ஏலத்தோட்டத்து மரக்கூரை வானத்தை மறைத்துவிடுவதால் உங்களிடம் முக்காலி வந்திருக்கும்.

அடுத்த முறை திரையில் சாய்வுத் தூரம், கிடைத்தூரம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். 50-க்குப் பக்கத்தில் 43.3 இருந்தால் உங்கள் டேப்பும் சரி, கருவியும் சரி. சாய்வுத் தூரமே 50-க்குக் குறைவாக இருந்தால், அவர்கள் பிரிசம் வைத்த கல்லும் நீங்கள் டேப் பிடித்த கல்லும் ஒன்றுதானா என்று பாருங்கள்.