ராம்புக்கு முன்னால் ஒரு வாரியல்

நாகர்கோவில்,
பிப்ரவரி 8

என் செல்ல மக்களே ஆன்சி,

பாட்டா எழுதுகிறேன். கண் ஆபரேஷன் முடிந்து இன்றைக்குப் பதினோராம் நாள். குனியக் கூடாது, தலையில் தண்ணீர் விடக் கூடாது, தும்மினால்கூடப் பார்த்துத் தும்ம வேண்டும் என்று உன் பெரியம்மா பின்னாலேயே நிற்கிறாள். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். சறுக்குப் பலகை (ஸ்கேட்போர்டு) ஓட்ட நீ வரைந்து அனுப்பிய ராம்ப் படத்தை அவள் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கணக்கு நோட்டுத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே ‘மினி ராம்ப், கடியப்பட்டணம்’ என்று வேறு எழுதியிருக்கிறாய். ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே பாட்டா பாதி மடங்கிவிட்டேன்.

மீதிப் பாதி மடங்காததற்குக் காரணம் உன் அளவுதான். ஐந்தடி உயரம், ஐந்தடி ஆரம் என்று போட்டிருக்கிறாய். உயரமும் ஆரமும் ஒன்றானால் மேல் நுனி கிணற்றுச் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும், கேட்டியா? அதிலிருந்து சறுக்க வராது, விழத்தான் வரும். அதோடு இரண்டு வளைவுக்கும் நடுவில் ஒரு சாண் தட்டைகூட விடவில்லை. இதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். எழுபதுகளில் அமெரிக்காவில் முதன்முதலில் கட்டினவர்களும் இப்படித்தான் ஒரே குழியாகக் கட்டினார்களாம். ஒரு பக்கம் இறங்கி மூச்சு விடுவதற்குள் எதிர்ப்பக்கம் ஏறியாக வேண்டும். நடுவில் தட்டையாகக் கொஞ்ச இடம் விடப் பிறகுதான் தோன்றியிருக்கிறது.

பாட்டா போட்ட கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள். உயரம் 3 அடி. ஆரம் ஆறரை அடி. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டைத் தரையில் விரித்து, ஒரு மூலைக்கு நேரே ஆறரை அடி தள்ளி ஆணி அடித்து, நூலில் பென்சில் கட்டி இழு. வளைவு 3 அடி உயரம் ஏறும்போது நீளத்தில் ஏறக்குறைய ஐந்தரை அடி போயிருக்கும். மேலே நிற்பதற்கு இரண்டடி மேடை. ஏழரை அடியாயிற்று. ஒரு ஷீட்டில் வளைவைத் தாங்குகிற ஒரு விலா அடங்கிவிட்டது பார்த்தாயா? ராம்பின் அகலம் 8 அடி என்பதால் இரண்டு ஓரத்துக்கும் இரண்டு, நடுவில் தொய்யாமல் இருக்க ஒன்று. ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று விலா, மொத்தம் ஆறு ஷீட், 18 மில்லி. விலாக்களைச் சேர்க்கிற சட்டங்களை எட்டங்குலத்துக்கு ஒன்றாகப் போடு. சட்டம் மிச்சம் பிடித்தால் பலகை ஊஞ்சலாடும்.

மேற்பரப்புக்கு 9 மில்லி, இரண்டு அடுக்கு. நடுத்தட்டையை 8 அடி வைக்காதே, 7 அடி வை. அப்போது ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை வளைவோடு அளந்தால் 20 அடி வரும். நாலடி ஷீட் சரியாக ஐந்து, துண்டு விழாது. ஷீட்டின் நீளவாக்கு ராம்பின் குறுக்கே வரட்டும், அப்படிப் போட்டால்தான் மேல்பக்கத்து மரரேகைக்குக் குறுக்கே பலகை பைய வளைந்து கொடுக்கும். நேர்மாறாகப் போட்டு மேலே ஏறி மிதித்தால் வெடி போட்ட மாதிரி சத்தம் கேட்கும். எனக்குத் தெரியும், நான் மிதித்திருக்கிறேன். மேல் அடுக்கின் மூட்டு கீழ் அடுக்கின் மூட்டுக்கு மேலே வரவே கூடாது.

பிளை வாங்கும்போது ஓரத்தில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார். அதுதான் மெரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக் கூடாது என்பது அதன் கணக்கு. முத்திரையை மட்டும் நம்பாதே. கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பாட்டி சோறு வடித்த அடுப்பில் மூன்று மணி நேரம் கொதிக்க வை. அடுக்கு பிரிந்தால் கடையை மாற்று. பாத்திரத்தைக் கழுவி வை, இல்லையென்றால் பாட்டி உன்னை மாற்றுவாள்.

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். நான் சறுக்குப் பலகையில் ஒரு நாளும் ஏறினதில்லை. ஆனால் பிளைவுட்டை வளைத்து வயிறு வளர்த்தவன். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைக்காமல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் செய்கிற பட்டறை வந்தது. அதன் பின்னால் இருந்தவர் பியேர் ஜில்லே என்ற பெல்ஜியம்காரர். சின்னதாக ஒன்றைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்ற பொருளில் தலைப்பு வைத்து 1985-ல் இங்கிலீஷில் ஒரு புத்தகம்கூட எழுதினார். உன் ராம்பைப் பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் சேர்த்திருப்பார். “பலகை வள்ளமா? பப்படத்தில் ஏறிக் கடலுக்குப் போகவா?” என்று பெரியவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள். நான் அங்கே வேலை பழகினேன்.

ஒரு காரியம் இதுவரை வீட்டில் சொன்னதில்லை. நான் தனியாகச் செய்த மூன்றாவது வள்ளத்தில் பின்பக்க அடிப்பலகையில் ஒரு ஸ்குரு கோணலாக இறங்கியது. கழற்றி வேறிடத்தில் போட்டேன். பழைய ஓட்டையை ரெசின் வைத்து அடைக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், கூலி வாங்குகிற அவசரம், பெயின்டை இரண்டு தடவை இழுத்து மறைத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அந்த வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டபோது, அந்த இடத்தில் விரலை வைத்தேன். நனைந்த ரொட்டி மாதிரி விரல் உள்ளே போயிற்று. ஓட்டை பயறு அளவுதான். அழுகியிருந்தது இரண்டு கை அகலம். வள்ளக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன் பிள்ளே, ராம்ப் கட்டுவது பெரிய காரியமில்லை. உன் அப்பாவும் நானும் சேர்ந்தால் பத்து நாள். படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாய், எல்லாரும் கை தட்டுவார்கள். பதினோராம் நாளிலிருந்துதான் உன் வேலை. வெட்டின ஓரம், போட்ட ஓட்டை எல்லாவற்றுக்கும் ரெசின் குடிக்கக் கொடு. விலாவின் அடி மண்ணில் படக் கூடாது, செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்து, காற்று அடியில் ஓடட்டும். ஸ்குரு எல்லாம் துருப்பிடிக்காத எஸ்.எஸ். வேண்டும். நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார், உப்புக்காற்று என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று. வளைவின் மேல் விளிம்பில் போடுகிற இரண்டங்குல ஜி.ஐ. பைப்பின் இரண்டு வாயையும் அடைத்துவிடு, அது உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். பைப் பலகையைவிடக் கால் அங்குலம் தூக்கலாக நிற்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

தினமும் ஏறுவதற்கு முன் ஐந்து நிமிஷம். வாரியலால் பெருக்கு, பிறகு உள்ளங்கையால் பலகையைத் தடவிக்கொண்டே போ. எழும்பி நிற்கிற ஸ்குரு தலை கையில் தட்டும். இன்று கையில் தட்டாவிட்டால் நாளைக்கு முட்டியில் தட்டும். பெருக்குவதை விளையாட்டாக எடுக்காதே. நம் கடப்புறத்து மண் வெறும் மண்ணில்லை. மணவாளக்குறிச்சியில் மணல் கம்பெனி எதற்காக இருக்கிறது? இல்மனைட்டும் கார்னெட்டும் இருப்பதால்தான். அந்தக் கார்னெட்டை உப்புத்தாளில் ஒட்டுகிறார்கள். நீ செருப்பு மண்ணோடு ராம்பில் ஏறினால் உன் பலகையை நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாய் என்று அர்த்தம். மண் சக்கரத்துப் பேரிங்கிலும் புகும். செருப்பைக் கண்ட இடத்தில் உதறுகிற பழக்கம் உனக்கு உண்டு. கிணற்றடியில் உதறு.

இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் வரும்போது காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஜூன் 29 மக்களே! சவத்து மழை நின்று கொட்டுகிற நேரம். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. தார்ப்பாயைப் பலகைமேல் ஒட்டப் போட்டால் மழை வெளியே, வேர்வை உள்ளே, பலகை புழுங்கி அழுகும். நடுவில் மூங்கில் கொடுத்துக் கூரை மாதிரி தூக்கிக் கட்டு. வெயில் வந்ததும் எடுத்துவிடு. ஈரப் பலகையில் ஏறாதே. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உன் அப்பா வீட்டில்தான் இருப்பான். தார்ப்பாய் கட்டுகிற வேலையை அவன் தலையில் போடு. முடிச்சுப் போடுவதில் அவனை மிஞ்ச நம் தெருவில் ஆளில்லை. அதைச் சொல்லியே வேலை வாங்கு.

உன் அம்மா நேற்றுப் போனில் அழாத குறை. “பொம்பளைப் பிள்ளை, கை கால் ஒடிந்தால் யார் பார்ப்பது?” என்கிறாள். அவளைக் கேலி செய்யாதே, ஒக்கிப் புயல் வந்த அந்த 2017 நவம்பர் 30-லிருந்து அவளுக்கு வெப்ராளம் குறையவே இல்லை. நீ ராம்ப் போடப்போகிற இடமே அன்றைக்கு இரண்டு தெங்கு விழுந்து காலியான இடம்தான். அவளைக் கூட்டி வைத்து மகாபலிபுரத்துக் கமலியின் படத்தைக் காட்டு. நம்மைப் போலக் கடற்கரைப் பிள்ளை. கவுன் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ராம்பில் இறங்குகிற அவள் போட்டோவை டோனி ஹாக் என்ற பெரிய ஆட்டக்காரரே உலகத்துக்குக் காட்டினார். அவளையும் தனியாக நின்று வளர்த்த அவள் அம்மாவையும் பற்றி எடுத்த குறும்படம் 2020-ல் லண்டனில் பாஃப்டா விருதுப் பட்டியல்வரை போயிற்று. உன் அம்மா பார்க்க வேண்டியது பிள்ளையை அல்ல, அந்த அம்மாவை.

மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்று ஒரு குக்கிராமம். 2015-ல் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மன் அம்மா அங்கே சறுக்குத்தளம் கட்டினார். சட்டம் இரண்டே இரண்டு. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குச் சறுக்கு கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம். அங்கிருந்து ஆஷா கோண்ட் என்ற பெண் 2018-ல் சீனாவுக்கு உலகப் போட்டிக்கே போனாள். முதல் சட்டம் உனக்கு. கணக்கில் 41 வாங்கினதை அம்மா சொல்லிவிட்டாள். ஆரமும் உயரமும் ஏன் குழம்பியது என்று இப்போது புரிகிறது.

கமலி வெறுங்காலில் இறங்கினாள் என்று நீ அதைப் பிடித்துக்கொள்ளாதே. ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் பிளைவுட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியவை. பணம் குறைந்தால் ராம்ப் ஒரு மாதம் தள்ளிப் போகட்டும். முதல் வாரம் மேலே ஏறாதே. கீழே தட்டையில் நின்று, முட்டியை மடக்கி நிமிர்த்தி வளைவில் ஆடிப் பழகு, கட்டுமரத்தில் அலைக்கு முட்டி கொடுக்கிற மாதிரி. விழுந்தால் முட்டிக் கவசத்தில் சறுக்கி இறங்கப் பழகு, கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். மேலேயிருந்து முதல்முறை இறங்கும்போது பயத்தில் எல்லாரும் பின்னால் சாய்கிறார்கள், அப்போதுதான் பலகை முன்னால் ஓடி, மண்டை பின்னால் அடிபடுகிறது. முன்காலை நம்பி மிதி.

இன்னொன்று. சக்கரம் பிளைவுட்டில் ஓடினால் தெருவே அதிரும். ராத்திரி கடலுக்குப் போய் விடியக்காலம் வந்தவர்கள் பகலில்தான் கண்ணை மூடுவார்கள். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு முன் சத்தம் வரக் கூடாது. செபமாலை மணி அடித்தால் பலகையைச் சாய்த்து வை. பக்கத்து வீட்டுச் சின்னதுகள் வேலியில் வந்து நிற்கும். விரட்டாதே, வாரியலைக் கையில் கொடு. பெருக்கினவர்களுக்கு ஒரு சுற்று என்று சொல்.

மார்ச் இரண்டாவது வாரம் டாக்டர் குனிய விடுவார். அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். அதுவரை பலகையில் வாள் வைக்காதே. என் பழைய ரசமட்டம் பரணில், பச்சைப் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்துத் துடைத்து வை. ராம்புக்கு 22 அடி நீளம் வேண்டும், கோழிக்கூடு இடிக்கும். அதை நகர்த்த வேண்டும், ஆனால் முதலில் பாட்டியிடம் கேள்.

உன்,
பாட்டா