மேரி கசாட்டின் பத்து அச்சுகள்

கேள்வி: இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் என்றாலே ஆற்றங்கரை, பூந்தோட்டம், ரயில் நிலையம்தானா? வீட்டுக்குள் இருந்த பெண்களை அவர்கள் பார்க்கவே இல்லையா?

பதில்: பார்த்தார்கள். மிக நெருங்கிப் பார்த்தவர் மேரி கசாட். அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1890-இல் அங்கே நடந்த ஜப்பானிய மர அச்சுக் கண்காட்சி அவரை உலுக்கிவிட்டது. மறு ஆண்டே பத்து வண்ண அச்சுகளைக் காட்சிக்கு வைத்தார்.

அவற்றில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் முன் தொட்டியில் கைவிட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்க்கிறாள் ஒரு தாய். இன்னொருத்தி கடித உறையை உதட்டில் வைத்து ஈரமாக்குகிறாள். எனக்கு மிகவும் பிடித்தது, புது உடுப்பை அளவு பார்க்கும் படம். நிற்பவள் சீமாட்டி, மண்டியிட்டு விளிம்பைச் சரிசெய்பவள் தையல்காரி. உழைப்பவளை ஓரத்துக்குத் தள்ளாமல் முன்னால் வைத்தாரே, அங்கேதான் கசாட் பெரிய கலைஞர்.

உழைப்பும் சாதாரணமானதல்ல. ஊசியால் கீறியும் அமிலத்தால் அரித்தும் செப்புத் தகடுகளைத் தயாரித்தார். பெரும்பாலும் ஒரு படத்துக்கு மூன்று தகடுகள். ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டில் புதிதாகக் கையால் வண்ணம் தடவ வேண்டும். அச்சுக் கலைஞர் லெருவாவும் அவரும் நாள் முழுக்க உழைத்தாலும் எட்டு, பத்துப் பிரதிகள்தான் தேறும். ஒவ்வொரு படத்துக்கும் 25 பிரதிகள் அச்சிட்டார்கள். சக இம்ப்ரஷனிஸ்ட் ஓவியரான பிஸாரோவே வியந்து மகனுக்குக் கடிதம் எழுதினார்.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இணையதளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். கடிதப் படத்திலிருந்து தொடங்குங்கள்.